கட்டை விரல் இல்லாத கையுறைகள்

யாருமே குறை சொல்லாத பொருள் என்று ஒன்று இருக்க முடியாது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டு மிக்ஸியின் மேல் அம்மாவுக்கு நான்கு புகார்கள் உண்டு. மாற்றிவிடலாமா என்று கேட்டால் கோபம் வரும். பிடித்த பொருளாக இருந்தால் குறை கூடுதலாகத்தான் வரும். அதனால் மலேசியாவின் கோலா சிலாங்கூரிலிருந்து எங்கள் வண்டிக்கு வந்த மதிப்பெண்களைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒருவர் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தார். அடுத்தவரும் பத்துக்குப் பத்து. அதற்கடுத்தவரும் அப்படியே. குறைகள் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்: இல்லை.

நான் ஓசூரில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் தரப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வண்டிகளில் ஆகச் சிறியது, முதன்முதலாக வண்டி வாங்குகிறவர்களுக்கானது, கொஞ்ச காலமாக மலேசியாவுக்கும் போகிறது. அதே வண்டியை எந்த மாற்றமும் செய்யாமல் இன்னொரு கப்பல் நிறைய அனுப்பலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மதிப்பெண்கள் உண்மையென்றால் அனுப்பலாம். "உண்மையான்னு போய்ப் பாத்துட்டு வா" என்றார் என் மேலாளர்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. உரிமையாளர் தன் வாயால் சொல்லாத குறை குறையே அல்ல. பொறியாளர் கண்ணால் பார்த்தது, மெக்கானிக் ஊகித்தது எல்லாம் 'கவனிக்கலாம்' என்ற தலைப்புக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து எதுவும் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே குறை ஏதும் இருந்தால் அதை ஓர் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். விமானத்தில் சந்தேகங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, விற்பனையாளரே உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருப்பார். இரண்டு, கேட்டது எல்லாம் அவருடைய உறவினர்களை. மூன்று, மலேசியத் தமிழர்கள் நாகரிகம் கருதிப் பொய் சொல்கிறார்கள். நான்காவதாக, வண்டி நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்பதையும் எழுதி, நியாயத்துக்காக விட்டு வைத்தேன்.

விற்பனையாளர் பெயர் நாதன். கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் ஷோரூமும் பட்டறையும் ஒன்றாக நடத்துகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் சிறிய சிலுவை, பேசும்போது எதிரில் இருக்கும் வண்டியின் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"வாங்கமா, பசியாறியாச்சா?" என்றார்.

பசியாறுதல் என்ற சொல்லை எங்கள் ஊரில் அன்னதான அறிவிப்புகளில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே காலை டிபனுக்கே அதுதான் பெயர். ரொட்டி சானாயும் சாம்பாரும் வந்தன. நம் பரோட்டாவின் ஒல்லியான தம்பி அது. சாப்பிட்டுக்கொண்டே வேலையைத் தொடங்கினேன்.

"வாடிக்கையாளர்கள் என்ன சொல்றாங்க அண்ணா?"

"எல்லாருக்கும் மோட்டர் நல்லா ஓடுதுமா. ஒரு கம்ப்ளேன் இல்ல."

'எஞ்சின் நன்று' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எஞ்சின் இல்லமா. மோட்டர். முழு மோட்டர்." எங்கள் ஊரில் மோட்டர் என்றால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது. இங்கே இரண்டு சக்கரத்தில் ஓடுவது எல்லாமே மோட்டர். எழுதியதை அடித்தேன். முதல் நாள் முதல் குறிப்பே தப்பு. எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை ஆற்றைத் தாண்டி பாசிர் பெனம்பாங்குக்கு நண்டு சாப்பிட அழைத்துப்போனார். இவ்வளவு உபசாரம் எதற்கு என்பது என் ஐந்தாவது சந்தேகமாகச் சேர்ந்தது. படகுத் துறையை ஒட்டிய கடையில் ஒரு மலாய்க்காரர் நண்டுத் தொட்டியைக் காட்டி ஏதோ சொல்ல, கடைக்காரச் சீனப் பெண்மணி திருப்பிச் சொன்னதில் சுற்றிலும் சிரிப்பு. நாதன் மொழிபெயர்த்தார். "'இந்த நண்டு நேத்தே செத்திருச்சு'ன்னு அவரு சொல்றாரு. 'நீ கேட்ட வெலய கேட்டுத்தான் செத்திச்சு'ன்னு அந்தம்மா சொல்லுது."

இந்த ஊரில் குறை சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். பிறகு ஏன் என் வண்டிக்கு மட்டும் குறை இல்லை? நண்டு மிளகாய்க் குழம்பில் மிதந்தது. அருமையாக இருந்தது என்பதை நாதனிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் புஞ்சாக் ஆலாம். பல்கலைக்கழக வளாகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் கோமதி என்ற பெண்ணின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். மதிப்பெண் பட்டியலில் அவள் பெயர் உண்டு. நாதனை வேண்டுமென்றே வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தேன்.

"மோட்டர் சூப்பரா இருக்கு லா மிஸ்" என்றாள்.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"

"தெரியல."

"கியர் மாத்தும்போது இறுக்கமா இருக்கா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பாதான மிஸ் ஓட்டுறாரு. அவரு இன்னும் தோட்டத்துல வேல செய்யறாரு. நா இங்க பஸ்ல போறேன். எனக்கு லைசென்ஸே இல்ல."

அப்போதுதான் அம்மாவின் கைகளைக் கவனித்தேன். ஆஸ்பத்திரியில் போடுவது போன்ற நீலக் கையுறை. ஆனால் இரண்டிலும் கட்டை விரல் இல்லை. கிழியவில்லை, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியிருந்தது. வெறும் கட்டை விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டு மீன் செதிலில் வழுக்கின.

"ஏன்மா, கட்டை விரல் என்னாச்சு?"

"தோட்டத்துலேர்ந்து அப்படித்தான் வருது. அவரு கொண்டாந்து குடுப்பாரு." இதைக் கேட்பதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்பதுபோல் பார்த்தார்.

காரில் நாதனிடம் சற்று கடுமையாகவே கேட்டேன். "ஓட்டாதவங்ககிட்ட ஏன் மதிப்பெண் வாங்கினீங்க?"

"ஓனர்தானமா கேக்கச் சொன்னீங்க? கெராண்ட்ல யாரு பேரோ அவுங்கதான் ஓனர்." கெராண்ட் என்பது வண்டியின் பதிவுப் பத்திரம். செம்பனைத் தோட்டங்களில், அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில், வேலை செய்யும் அப்பாக்களுக்குத் தவணையில் வண்டி எடுக்க முடிவதில்லை. நிரந்தரச் சம்பளச் சீட்டு வைத்திருக்கும் மகளோ மகனோதான் தங்கள் பெயரில் எடுத்துக் கொடுக்கிறார்கள். இது இங்கே சாதாரணம். யாரும் இதை ஒரு செய்தியாகவே நினைப்பதில்லை. நாங்கள் ஓசூரிலிருந்து 'உரிமையாளர் திருப்தி' கேட்டோம்; அவர் உரிமையாளரைக் கேட்டுச் சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. வண்டியில் உட்காராதவர்கள் எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் செரண்டாவுக்குத் தனியாக ரயிலில் போனேன். நாதன் இல்லாமல் ஓர் உரிமையாளரைச் சந்திக்க வேண்டும் என்பது என் திட்டம். ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு முதியவரிடம் "செரண்டா?" என்றேன். அவர் புன்னகைத்து, கையை மடக்கிக் கட்டை விரலை மட்டும் என் முன்னால் நீட்டினார். எங்கள் ஊரில் கட்டை விரலைக் காட்டினால் ஏமாற்றிவிட்டேன் போ என்று பொருள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கதவு திறந்து மூடியது. அடுத்த நிலையம் பத்தாங் காலி என்று வந்தபோதுதான், அந்தக் கட்டை விரல் சன்னலுக்கு வெளியே இருந்த செரண்டா பெயர்ப் பலகையைக் காட்டியிருக்கிறது என்று புரிந்தது. இந்த நாட்டில் சுட்டு விரலால் எதையும் காட்டுவது மரியாதை இல்லையாம். திரும்பி வரும் ரயிலுக்காக வெயிலில் நெடுநேரம் நின்றேன். சந்தேகத்துக்கும் பயணச் செலவு உண்டு.

நான் தேடிப்போன உரிமையாளர் ஜெசிந்தா, கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். வாரம் முழுக்க விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோர் இருக்கும் தோட்டத்துக்குப் போவாள். தேநீர் இடைவேளையில் கேட்டுக்கு வெளியே ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கு நுரைக்க ஆற்றிய தே தாரேக். அவளுக்கு மைலோ ஐஸ்.

"நீங்களும் கியூசி, நானும் கியூசி" என்று கையைக் குலுக்கினாள். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எந்த விரலில் சொட்டுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே.

"வண்டி நீ ஓட்டுறியா?"

"எங்க லா மிஸ். அப்பாவுக்கு வாங்குனது. அவரு தொடவே விட மாட்டாரு."

"அவர் ஏதாவது குறை சொல்வாரா?"

"எங்கப்பாவா? அவரு தோட்டத்துல மண்டோரு. வேலையாளு, லோரி, மழை, போப்பாண்டவரு, எல்லாத்தையும் கொற சொல்வாரு. இந்த மோட்டர மட்டும் சொன்னதில்ல. அதான் பத்து போட்டேன்."

மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். போப்பாண்டவரையே விட்டு வைக்காத ஒருவர் என் வண்டியை விட்டு வைக்கிறார். என் சந்தேகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். "நாளைக்குத் தோட்டத்துக்குப் போறேன்னீங்கல்ல? இத அப்பாகிட்ட குடுத்துருங்க. ரிஜெக்ட் ஆன கிளவ்ஸு. சூப்பர்வைசர்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். ரோஜாச் செடிக்கு மருந்து அடிக்க வேணுமாம்."

பிறர் கொடுக்கும் பையைத் திறந்து பார்க்காமல் எடுத்துப் போகிறவள் அல்ல நான். நான் தங்கிய விடுதி அறையில் பையைக் கொட்டி, பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் சுண்டு விரலில் ஓட்டை. ஒன்றில் மணிக்கட்டு மடிப்பில் கிழிசல். ஒன்றில் மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது. கட்டை விரல் எதிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் சொன்னபடி கழிவுக் கையுறைகள்தான் என்று உறுதி செய்துகொண்டு, உலர்த்தி, திரும்பக் கட்டினேன். பார்த்த பிழையைக் குறித்துக்கொண்டேன். பார்க்காத பிழையைப் பற்றி யோசிக்கவில்லை.

நான்காம் நாள் நாதனின் ஷோரூம் வண்டியை வாங்கிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். உரிமம் எல்லாம் முறையாக இருந்தது. நாதன் பின்னால் காரில் வந்தார். சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியதும் மழை பிடித்தது. நம் ஊர் மழை முதலில் தூறி, மண் மணந்து, நம்மை ஒதுங்கச் சொல்லும். இது அப்படியே கவிழ்ந்தது. பள்ளமான இடத்தில் மண்பாதை செந்நிறக் குளமாகிவிட்டது. கணுக்கால் அளவுதான், இந்த வண்டி தாண்டக்கூடிய ஆழம். தாண்ட வேண்டும் என்று நாங்களே கையேட்டில் எழுதியிருக்கிறோம்.

நடுவில் போனதும் எஞ்சின் இருமியது. அப்புறம் நின்றது. உதைத்தேன். ஒன்றுமில்லை. எனக்கும் நாதனின் காருக்கும் நடுவில் பக்கப் பாதையிலிருந்து ஒரு லோரி புகுந்திருந்தது. செம்பனைக் குலைகள் தலைக்கு மேல் கோபுரமாய் ஏற்றியது. ஹாரனை அழுத்திக்கொண்டே என்னை நோக்கிச் சறுக்கியது. ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார் என்று சக்கரம் பூட்டியதில் தெரிந்தது. நிற்கவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியை விட்டுவிட்டு ஓரம் பாய்ந்தேன். லோரி ஒரு கை தூரத்தில் நின்றது. மேலிருந்து ஒரு குலை மட்டும் உருண்டு வந்து தண்ணீரில் விழுந்தது.

அந்த நேரம் எதிர்ப்பக்கமிருந்து அதே மாதிரி வண்டி, அதே நிறம், தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு நிற்காமல் வந்தது. ஓட்டியவர் பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் சிரித்தார்.

"நாதன் கட மோட்டரா? அது டவுன் மோட்டரு புள்ள. தண்ணியப் பாத்தா பயப்படும். எம் மோட்டரப் பாரு!"

அவர்தான் சூசை, ஜெசிந்தாவின் அப்பா. ஐம்பது தாண்டியவர், அகலமான தோள், குரல் தோட்டம் முழுக்கக் கேட்கும். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு வண்டிகள். ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது. இறங்கி நடந்தபோது அவர் இடது காலைச் சற்று இழுத்து வைத்ததையும் கவனித்தேன்.

சூசையின் வீடு தொழிலாளர் குடியிருப்பான பழைய லயம் இருந்த இடத்தில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி மேரி துண்டும் சுடச்சுடக் கோப்பியும் கொடுத்தார். ஜெசிந்தாவின் பையைச் சூசையிடம் கொடுத்துவிட்டு, முதலில் வாசலைப் பார்த்தேன். சிமெண்டுத் தரை. மைலோ டின்னில் ஒரு மிளகாய்ச் செடி. ரோஜா இல்லை. கொல்லையைப் பார்த்தேன். ரோஜா இல்லை. கூரைக்கு அடியில் கட்டிய கொடியில் நீலக் கையுறைகள் காய்ந்தன; கட்டை விரல் ஒன்றிலும் இல்லை.

"அங்கிள், ரோஜாச் செடி எங்க?"

"செத்துப் போச்சு" என்றார், யோசிக்காமல்.

"வண்டியைப் பாக்கலாமா?"

"பாரேன்! ஏ ஒன் மோட்டரு." சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் காலை அகட்டி நின்றுகொண்டார். நான் இடப்பக்கம் போனால் அவரும் இடப்பக்கம். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். நாதன் புரியாமல் விழித்தார். இப்படி நாங்கள் இருவரும் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்தவர் உள்ளே வராமலே கத்தினார்:

"சூசண்ணே! கட்ட வெரலு வந்துருச்சா? எனக்கு ஒன்னு எடுத்து வையிங்க!"

சூசை கண்ணை மூடிக்கொண்டார்.

நான் குனிந்து எஞ்சினைப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால், ஸ்பார்க் பிளக்கின் மூடியைப் போர்த்தியபடி, ஒரு நீலக் கட்டை விரல். நுனியை வெட்டி ஒயரை அதன் வழியே விட்டு, அடியில் டியூப் கித்தாவால், அதாவது சைக்கிள் டியூப் ரப்பரால், இறுக்கிக் கட்டியிருந்தது. முன் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேராகப் பிளக்கில் போய் விழுகிறது. இந்தியாவில் விற்கும் வண்டியில் முன் மட்கார்டின் நுனியில் ஒரு கறுப்பு ரப்பர் மடல் தொங்கும். ஏற்றுமதி வண்டியில் அது அழகாக இல்லை என்று எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் ஒல்லி; கட்டை விரல்தான் மூடிக்குச் சரியான அளவு.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே!" என்றார் நாதன்.

"ஒங்கிட்ட சொன்னா? ஞாயித்துக்கெழம பூசையில எம்மவகிட்ட சொல்லிருவ" என்றார் சூசை.

கட்டை விரலை உருவினேன். உள்ளே ஈரம் கோத்திருந்தது; பிளக் அடியில் பச்சை பூத்திருந்தது. "அங்கிள், இது வெளித் தண்ணியத் தடுக்குது, சரி. உள்ள வேர்த்த தண்ணியப் புடிச்சு வச்சுக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல வெயில்லயே நிக்கும்."

"நிக்காது."

"நிக்கும்."

அவர் முகத்தைப் பார்த்தபடி தொடர்ந்தேன். "ஏற்கெனவே நின்னிருக்கா அங்கிள்?"

அவர் உள்ளே பார்த்தார். மேரி சமையலறையில் இருந்தார். குரல் முதல்முறையாகத் தணிந்தது. கட்டை விரல் யோசனைக்கு முன்னால், ஒரு மழை நாளில், பெரிய சாலை முனையில் வண்டி நின்றது, பின்னால் லோரி. அவர் காவாயில் பாய்ந்தார். வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். அந்த இடது கால்.

"இதச் சொல்ல வேணாமா அங்கிள்? ஜெசிந்தா சொன்னாதான் எங்க ஆபீஸ்ல எடுபடும். இல்லன்னா இதே வண்டி இன்னொரு கப்பல் வரும். எல்லாரும் கட்ட வெரலுக்கு உங்க வீட்டுலதான் நிப்பாங்க."

"இந்தா புள்ள, அவ நாள் பூரா நின்னு நின்னு காலு வீங்கி வாங்கிக் குடுத்த மோட்டரு இது. இத நான் கொற சொன்னா, அவ நின்னதக் கொற சொன்ன மாதிரி. நீ ஒன்னும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் செய்கிறவள் அல்ல. இருந்தாலும், அவருடைய விபத்தைப் பற்றி என் வாயால் ஜெசிந்தாவிடம் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எதை ஒப்புக்கொண்டேன் என்பதை மனதுக்குள் இன்னொரு முறை அளந்து வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு, நான் ஊர் திரும்பும் நாள். பூசை முடிந்து சூசை வீட்டில் சாப்பாடு. நாதனும் வந்திருந்தார். பன்றி இறைச்சி பெரட்டல், ரசம், வெள்ளரிக்காய். மேரியின் பெரட்டலில் மிளகு இறைச்சியை முந்திக்கொண்டு வந்தது. பேச்செல்லாம் மழை, குலை விலை, மருமகன் தேடுவது. வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. விமானம் ஏறினால் என் கையில் பத்துக்குப் பத்துகள் மட்டும் இருக்கும். என் கண் பார்த்தது 'கவனிக்கலாம்' பெட்டியில் படுத்துக்கொள்ளும்.

கொல்லையில் ஜெசிந்தா தட்டுக் கழுவ, நான் துடைத்தேன். தலைக்கு மேல் கொடியில் கையுறைகள் ஆடின. அப்போதுதான் விடுதி அறையில் பிடித்த தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்தது. கழிவுக் கையுறை என்றால் ஓட்டை எங்கு வேண்டுமானாலும் இருக்க வேண்டும். ஒரு பை நிறையக் கையுறைகளில் கட்டை விரல் மட்டும் ஒன்றுகூட ஒழுகாது என்பது தற்செயல் அல்ல. யாரோ பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

"ஜெசிந்தா, நீ குடுத்த பையில கட்ட வெரல் மட்டும் எல்லாத்துலயும் நல்லா இருந்துச்சே, எப்படி?"

அவள் கை நின்றது. தட்டிலிருந்து நீர் சொட்டியது.

"தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

"ம்."

"கியூசி புத்தி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரோஜாவே இல்லாத வீட்டுல ரோஜாவுக்கு மருந்தாம். ஒரு நாளு மோட்டரக் கழுவித் தரலாம்னு குனிஞ்சேன், பாத்தேன். அப்பறமேட்டு கட்ட வெரல் ஒழுகாததா பாத்துப் பாத்து எடுத்தாறேன்."

"அப்பாகிட்ட ஏன் கேக்கல?"

"மறைக்கறதுக்கு அவரு எவ்ளோ பாடுபடுறாரு அக்கா. கண்டுபுடிச்சிட்டேன்னு சொன்னா மொகம் வாடிப்போயிரும். என்ன, மழையில ஸ்டார்ட் ஆகாது, அவ்ளோதான?"

மிஸ் என்பது அக்கா ஆகியிருந்தது. அவ்வளவுதானா என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அவருடைய விபத்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்றுதான் ஒப்புக்கொண்டிருந்தேன். என்னுடையதைப் பற்றி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நேற்று பள்ளத்தில் நான் நின்றதை, லோரியை, பூட்டிய சக்கரத்தை, தண்ணீரில் விழுந்த குலையை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மட்கார்டில் மடல் இல்லாததால் ஓடும்போதே நிற்கும் என்று சொன்னேன்.

அவள் நேரே என்னைப் பார்க்கவில்லை. உள்ளே, நாற்காலியிலிருந்து எழுந்து காலை இழுத்தபடி தண்ணீர் எடுக்கப் போன அப்பாவைப் பார்த்தாள்.

"வழுக்கி விழுந்தாருன்னு சொன்னாங்க" என்றாள்.

நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன். ஈரக் கையோடு கூடத்துக்குப் போனாள். நான் தட்டும் துணியுமாகப் பின்னாலேயே போனேன்.

"நாதன் அங்கிள், எம் பேருல புதுசா மார்க் எழுதுங்க."

"என்னா திடீர்னு?" என்றார் சூசை. குரலில் பயம் தெரிந்தது.

"மோட்டர் பத்து" என்றாள் ஜெசிந்தா. சூசை மூச்சு விட்டார். "மட்காட் முட்ட. தண்ணிய அப்படியே பிளக்குல அடிக்குது. ஓடும்போதே நிக்குது. ஓனர் நான்தான் சொல்றேன், எழுதுங்க."

சூசை என்னைப் பார்த்தார். சத்தியத்தை மீறிவிட்டாயா என்ற பார்வை. பிறகு கொடியில் ஆடும் கையுறைகளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கட்ட வெரல் ஒழுகாம வர ஆரம்பிச்சதுலேர்ந்து."

மேரி "என்ன கட்ட வெரலு?" என்று கேட்டார். சூசை மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மட்காட்டுன்னா... அது கம்பெனி தப்புதான? மோட்டர் தப்பு இல்லதான?"

"கம்பெனி தப்புதான் அங்கிள். மடல எடுத்தது நாங்கதான்."

"எம்மவ நல்ல மோட்டராத்தான் வாங்கிருக்கா?"

"நல்ல வண்டிதான்."

அவ்வளவுதான் தேவைப்பட்டது. எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாரோ, அணை உடைந்தது. சைடு ஸ்டாண்டு சேற்றில் புதைகிறது. கிக்கர் திரும்பி வந்து முழங்காலில் அடிக்கிறது. பின் சீட்டில் மேரியை ஏற்றினால் செயின் கவரில் உரசுகிறது ("என்னச் சொல்றியா?" என்றார் மேரி). கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரிவதில்லை, தன் தோள்தான் தெரிகிறது. சாவி மழையில் திரும்புவதில்லை. எழுந்து போய் வண்டியையே கூடத்து வாசல் வரை உருட்டிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மலேசியா வந்த பிறகு முதன்முறையாகச் சந்தேகமே இல்லாமல் எழுதினேன். இந்த மனிதருக்கு அந்த வண்டி உயிர் என்று இப்போது நம்ப முடிந்தது. ஜெசிந்தா அவருக்கு அருகில் நின்று, "கிளச்ச விட்டுட்டீங்கப்பா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

கப்பலைப் பற்றி மேலாளருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன்: மடல் இல்லாமல் ஒரு வண்டியும் ஏற்றக் கூடாது, உரிமையாளர் புகார், பெயருடன். எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. ஒரே சொல்லில் வந்தது: நிறுத்துகிறோம்.

நாதனின் காரில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். நேற்று நின்ற பள்ளத்தைத் தாண்டி, செம்பனை வரிசை முடியும் முனையில் லோரிகளுக்காகக் கார் நின்றது. சன்னலை யாரோ படபடவென்று தட்டினார்கள். சூசை. வேர்த்து, மூச்சு வாங்கி, வண்டியில் உட்கார்ந்திருந்தார். பயந்து கண்ணாடியை இறக்கினேன்.

"என்னாச்சு அங்கிள்?"

"வீட்டுலேர்ந்து ஹாரன் அடிச்சிக்கிட்டே பின்னால வர்றேன். கேக்கலயா?"

"இல்லியே அங்கிள். ஒன்னுமே கேக்கல."

"ஹா!" என்றார் வெற்றியோடு. "அதையும் எழுது."